பத்துத் தடை, ஒரே தாளம்!

(இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



போன வருஷம் பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான தடகளப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் எட்டாவது தடையில் தலைகுப்புற விழுந்தவன் நான்தான். பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. கேன்டீனில் இப்பவும் "எட்டாம் நம்பர்" என்று கூப்பிடுகிற நண்பர்கள் உண்டு. ஏழாவது தடை வரைக்கும் மூன்றாவதாக வந்தவன், முழங்கையும் முட்டும் உரிந்து, கடைசி ஆளாக நடந்து கோட்டைத் தொட்டேன்.

ஏன் விழுந்தேன் என்று கேட்டால் "தம் இல்லை" என்றார்கள் சிலர். "ஷூ சரியில்லை" என்றார்கள் சிலர். நம் பி.டி. சார் மட்டும் ஒரே வார்த்தை சொன்னார். "தாளம் விட்டுப் போச்சு மக்கா." அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. புரிந்ததை எழுதி வைத்தால், நமக்குப் பிறகு வருகிற ஜூனியர்களுக்காவது முட்டு உரியாமல் இருக்கும் என்றுதான் இக்கட்டுரை.

முதலில் கணக்கு

400 மீட்டர் தடை ஓட்டத்தில் மொத்தம் 10 தடைகள். தொடங்கும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர். அதன் பிறகு ஒவ்வொரு தடைக்கும் நடுவில் 35 மீட்டர். கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீட்டர். கூட்டிப் பாருங்கள்: 45, ஒன்பது முப்பத்தைந்து 315, அதோடு 40. சரியாக 400. ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 செ.மீ., பெண்களுக்கு 76.2 செ.மீ.

நம் பாஷையில் சொன்னால், பிட்ச் 35 மீட்டர் உள்ள ஒரு நீளமான பற்சக்கரம் இது. தடை நகராது. நம் காலடிதான் அதற்குப் பொருந்த வேண்டும். பற்கள் பொருந்தாத கியர் என்ன சத்தம் போடும் என்று நமக்குத் தெரியும். அதே கதைதான் இங்கும்.

நல்ல ஓட்டக்காரர் தடைக்குச் சுமார் 2.1 மீட்டர் முன்னால் கால் எடுத்து, தடைக்கு அப்பால் சுமார் 1.2 மீட்டரில் கால் வைப்பார். ஆக 3.3 மீட்டர் காற்றில் போய்விடும். மீதி 31.7 மீட்டரைத்தான் காலடிகளால் நிரப்ப வேண்டும். 13 அடியில் முடிக்க ஓர் அடி 2.44 மீட்டர் வேண்டும். 15 அடி என்றால் 2.11 மீட்டர். 16 என்றால் 1.98. 17 என்றால் 1.86.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 13, 15, 17 என்று ஒற்றைப்படையில் ஓடினால் எப்போதும் ஒரே கால்தான் தடைக்கு மேலே முதலில் போகும். 14, 16 என்று இரட்டைப்படை வந்தால் கால் மாறும். ஒரு தடைக்கு இடது, அடுத்ததற்கு வலது. எனக்கு இடது கால் மட்டும்தான் தெரியும். ஆறாவது தடை வரைக்கும் 15 அடியில் சமாளித்தேன். அதற்குப் பிறகு களைப்பில் அடி சுருங்கிவிட்டது. 15 போதவில்லை, 16 என்றால் வலது கால் வர வேண்டும், வலது கால் வராது. அதனால் தடைக்கு முன்னால் தத்தித் தத்திக் குட்டி அடி வைத்து, மறுபடி இடது காலைக் கொண்டு வருவேன். வேகம் அங்கே செத்துப் போகும். எட்டாவது தடையில் நடந்தது அதுதான். களைப்பு என்னை விழத் தள்ளவில்லை. ஒரு கால் மட்டும் படித்தவனாக இருந்ததுதான் தள்ளியது.

நூறில் ஒரு பங்கு

தாளம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. இறுதி ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடியில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கோஜோகாரு எடுத்துக்கொண்டது 55.41 வினாடி. வித்தியாசம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் சுமார் 7 செ.மீ.! நம் எஞ்சினீயரிங் டிராயிங் ஸ்கேலில் பாதிகூட இல்லை. பத்துத் தடையில் ஏதோ ஒன்றின் முன்னால் ஓர் அடி கொஞ்சம் சுருங்கினாலே போதும், அந்த 7 செ.மீ. போய்விடும்.

உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் அவரைப் பையோளிக் கடற்கரை மணலில் ஓடவிட்டு உருவாக்கினார். 1985-ல் துரோணாச்சாரியார் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

அந்த 55.42-க்கு அப்புறம் ஒரு கதை உண்டு. 39 வருஷம் கழித்து, 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் ஓடி முடித்தபோது பலகையில் விழுந்த நேரமும் அதே 55.42! தேசிய சாதனையைச் சமன் செய்தார். மறுநாள் இறுதிப் போட்டியில் 55.68 வினாடியில் வெண்கலம். அவர் தந்தை ஆட்டோ ஓட்டியவர்.

ஆண்களில் திருப்பூர் மாவட்டத்துத் தருண் அய்யாசாமி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 48.96 வினாடியில் வெள்ளி வென்றார். 49 வினாடிக்குள் ஓடிய முதல் இந்தியர் அவர்தான். அடுத்த வருஷம் பாட்டியாலாவில் 48.80 வினாடியில் தேசிய சாதனை செய்தார்.

உலக அளவில் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் எட்வின் மோசஸ். அவர் படித்த காலத்தில் மோர்ஹவுஸ் கல்லூரிக்குச் சொந்தமாக ஓடுதளமே இருக்கவில்லை. அவர் படித்த பாடம் இயற்பியல். பத்துத் தடைக்கும் நடுவில் 13 அடி என்பதை விடாமல் பிடித்துக்கொண்டு 1976-லும் 1984-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். 1977 முதல் 1987 வரை தொடர்ச்சியாக 122 ஓட்டங்களில் அவரை யாரும் ஜெயிக்கவில்லை. கிரவுண்ட் இல்லை என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் மோர்ஹவுஸ் கதையைத்தான் சொல்வேன்.

சாடாதே, ஓடு!

எங்க ஊரில் குதிப்பதைச் "சாடுவது" என்போம். நான் முதலில் செய்ததும் அதுதான். பி.டி. சார் இரண்டு தடை பார்த்துவிட்டு, "லேய் மக்கா, நீ சாடுத. இது சாட்டம் இல்ல, ஓட்டம். நடுவுல பத்து எடத்துல கால கொஞ்சம் ஒசத்தி வைக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

உயரமாகச் சாடினால் காற்றில் நேரம் போகும், கீழே விழும்போது உடம்பு பின்னால் சாயும், அடுத்த அடி குட்டையாகும். அந்த ஒரு குட்டை அடி அடுத்த 35 மீட்டர் முழுவதையும் கெடுத்துவிடும். அதனால் தாளப் பயிற்சி தடைக்கு அந்தப் பக்கம் வைக்கிற முதல் அடியிலேயே ஆரம்பமாகிறது.

நாங்கள் செய்த தடைகள்

பயிற்சிக்குத் தடை வேண்டுமே! இருந்தவற்றில் பாதி ஒடிந்து கிடந்தது. நாலு பேர் சேர்ந்து ஒர்க்‌ஷாப்பில் அனுமதி வாங்கி, ஸ்க்ராப்பில் கிடந்த ஜி.ஐ. பைப்பை வைத்துத் தடை செய்தோம். முதலில் செய்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கீழே முன்னும் பின்னும் கால் வைத்து, அசையாத பெஞ்சு மாதிரி வெல்டு அடித்துவிட்டோம். முதல் நாளே என் முழங்கால் அதில் மோதியது. தடை நின்றது, நான் நிற்கவில்லை!

அப்புறம்தான் விதியைப் படித்தோம். தடை குறைந்தது 10 கிலோ எடை இருக்க வேண்டும். மேல் பலகையின் நடுவில் குறைந்தது 3.6 கிலோ விசை கொடுத்தால் கவிழ வேண்டும். அடிக் கால்கள் ஓடி வருகிறவர் பக்கம் மட்டுமே நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மோதினால் முன்பக்கமாகச் சாயும்.

இது நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் பாடத்தில் வருகிற திருப்புத்திறன் கணக்குதான். 3.6 பெருக்கல் 0.914 மீட்டர், சுமார் 3.29. இதை 10 கிலோவால் வகுத்தால் 0.33 மீட்டர். அதாவது தடையின் எடை மையம் நிற்கும் கம்பத்திலிருந்து 33 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். அடிக்கால் பைப்புக்குள் ஆற்று மணல் நிரப்பி எடை கூட்டினோம். இயற்பியல் லேபிலிருந்து ஸ்பிரிங் பாலன்ஸ் வாங்கி வந்து மேல் பலகையில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். நாலு முறை மணலைக் கூட்டிக் குறைத்த பிறகு சரியாகக் கவிழ்ந்தது. பரீட்சையில் கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தைவிட அது பெரிது. ஜூனியர்களே, கவிழாத தடையை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். மண்ணில் குச்சி ஊன்றிக் கயிறு கட்டியும் தாண்டாதீர்கள்.

குடம் அடிக்கிற அண்ணன் சொன்னது

15 அடியை ஓடிக்கொண்டே எண்ணுவது கஷ்டம். ஒன்பது, பத்து, பதினொன்று என்று மனசு எண்ணுவதற்குள் கால் பதின்மூன்றில் இருக்கும். கொடை நேரத்தில் எங்க ஊர்க் கோயிலில் வில்லுப்பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை தோன்றியது. குடம் அடிக்கிற அண்ணனிடம் போய், "அண்ணே, நீங்க எப்பிடி எண்ணுவீங்க?" என்று கேட்டேன். "நான் எங்கடே எண்ணுதேன்? சொல்லு ஓடும், கை பின்னால போவும்" என்றார்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டேன். "தகதகிட" என்பதில் ஐந்து எழுத்து. மூன்று முறை சொன்னால் 15. "தகதிமி" என்பதில் நான்கு. நான்கு முறை சொன்னால் 16. மூன்று "தகதிமி", முடிவில் ஒரு "தகதகிட" என்றால் 17. 14 அடி ஓடுகிறவர்களுக்கு "தகிட தகதிமி" இரண்டு முறை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடி. தடைக்கு மேலே போகும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

கிரவுண்டில் முதல் வாரம் இதைச் சத்தமாகச் சொல்லி ஓடினேன். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் என் பின்னால் ஓடியவனும் "தகதகிட" சொல்ல ஆரம்பித்துவிட்டான்!

செய்த பயிற்சிகள்

1. நடைப் பயிற்சி: ஐந்து தடைகளைத் தாழ்வாக, நெருக்கமாக வைத்து, ஓடாமல் நடந்தே கடப்பது. ஐந்து முறை இடது கால், ஐந்து முறை வலது கால். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கிரவுண்ட் பாதி நாள் சேறு. சேற்றில் தடை ஓட்டம் வேண்டவே வேண்டாம். ஆனால் இந்த நடைப் பயிற்சியைத் தாழ்வாரத்திலேயே செய்யலாம். என் வலது காலுக்கு எழுத்தறிவித்தது இதுதான்.

2. சுண்ணாம்புக் கோடு: தடையே வைக்காமல், 35 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, சொற்கட்டோடு ஓடுவது. கோட்டில் சரியான கால் விழுகிறதா என்று நண்பன் ஒருவன் பார்க்க வேண்டும்.

3. முதல் தடை: தொடக்கத்திலிருந்து முதல் தடைக்கு எத்தனை அடி என்பது கல்லில் எழுதியதுபோல் இருக்க வேண்டும். எனக்கு 22. வாரம் ஒரு நாள் ஆறு முறை முதல் தடை வரை, நாலு முறை மூன்றாம் தடை வரை. 45 மீட்டரில் தாளம் பிடிக்காதவனுக்கு 400-ல் பிடிக்காது.

4. பாதி இடைவெளி: 17.5 மீட்டருக்கு ஒன்றாக ஆறு தடைகள். நடுவில் 7 அடி. ஓர் அடி 2.03 மீட்டர் வரும், போட்டியின் அடிக்குக் கிட்டத்தட்டச் சமம். தடை நெருங்கி வருவதால் ஒரே ஓட்டத்தில் இரட்டிப்புப் பழக்கம். இதையே 19.5 மீட்டருக்கு மாற்றினால் 8 அடி. அப்போது தடைக்குத் தடை கால் மாறும். வலது காலின் பயம் போனது இதில்தான்.

5. களைப்பில் தாளம்: தொடக்கத்திலிருந்து 200 மீட்டர் வரைக்கும் தடையில்லாமல் போட்டி வேகத்தில் ஓடி, நிற்காமல் ஆறு முதல் பத்து வரையுள்ள ஐந்து தடைகளையும் கடப்பது. நடுவில் பத்து நிமிஷ ஓய்வோடு இரண்டு முறை போதும். மூன்றாவது முறை ஆசைப்படாதீர்கள், அதுதான் காயத்துக்கு வழி.

6. மணல்: சனிக்கிழமை காலை சங்குத்துறைக் கடற்கரையில் ஈர மணலில் 150 மீட்டர், ஆறு முறை. தடை கிடையாது. அடி சுருங்காமல் ஓடக் கால் பழகும்.

வியாழனும் ஞாயிறும் ஓய்வு. வியாழக்கிழமை ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டுமல்லவா!

காற்றும் வளைவும்

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். காற்றாலைகளுக்கு அது வரம், தடை ஓட்டக்காரனுக்குச் சோதனை. எதிர்காற்றில் அடி சுருங்கும், 15 பத்தாது. 100, 200 மீட்டர் ஓட்டங்களுக்குக் காற்றின் வேகத்தை அளந்து குறிப்பார்கள். 400 மீட்டர் தடைக்கு அந்தக் கணக்கே கிடையாது. வருகிற காற்று வந்ததுதான். இரண்டு காலும் தெரிந்திருப்பதே இதற்கு மருந்து.

வளைவிலும் ஒரு கவனம் வேண்டும். வளைவில் இடது கால் முன்னே போவது வசதி. வலது கால் முன்னே போனால் பின்னால் வருகிற இடது கால் தடைக்கு வெளியே, பலகைக்குக் கீழே தொங்கிப் போய்விடலாம். அது தவறு, தகுதி இழப்பு. அதனால் வலது காலில் கடக்கும்போது உள்கோட்டை ஒட்டாமல் தடையின் நடுவைப் பார்த்து ஓட வேண்டும்.

இதையெல்லாம் யோசித்து பி.டி. சார் எனக்கு ஒரு திட்டம் போட்டார். ஆறாம் தடை வரை 15 அடி. ஆறிலிருந்து ஏழுக்கும், ஏழிலிருந்து எட்டுக்கும் 16 அடி. அதன் பிறகு 17. இதனால் ஏழாவது தடை ஒன்றுதான் வலது காலுக்கு, மற்றதெல்லாம் இடது. "களைச்ச பெறவு மாத்துறது தோல்வி. களைக்கதுக்கு முன்னால நீயே மாத்துறது திட்டம்" என்றார் சார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதானால் அதை வையுங்கள்.

ஸ்டாப் வாட்ச் சொன்ன உண்மை

ஒவ்வொரு தடையையும் தாண்டிக் கால் தரையைத் தொடுகிற நேரத்தைக் குறிக்க வேண்டும். இதுதான் தாளத்துக்கு எக்ஸ்ரே. விழுந்ததற்கு ஒரு மாதம் கழித்து எடுத்த என் நேரம்: முதல் தடைக்கு 6.8 வினாடி. பிறகு ஒவ்வோர் இடைவெளிக்கும் 4.4, 4.4, 4.5, 4.7, 4.9, 5.3, 5.6, 5.5, 5.6. கடைசி நேர் ஓட்டம் 6.9. மொத்தம் 58.6.

ஐந்து மாதம் கழித்து எடுத்தது: 6.7. பிறகு 4.4, 4.4, 4.5, 4.6, 4.7, 4.8, 4.9, 5.0, 5.1. கடைசியில் 6.7. மொத்தம் 55.8.

ஒப்பிட்டுப் பாருங்கள் நண்பர்களே! முதல் மூன்று இடைவெளிகளில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு தடவையும் 13.3 வினாடிதான். என் வேகம் கூடவே இல்லை. குறைந்த 2.8 வினாடியில் 2.5 வினாடி பின்னால் உள்ள ஆறு இடைவெளிகளில் கிடைத்தது. நான் புதிதாக எதையும் சம்பாதிக்கவில்லை, கொட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு வழக்கு

இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் நம்மில் பலருக்கும் இதே கதைதான் என்பதால் எழுதுகிறேன். முட்டு உரிந்து வீட்டுக்குப் போன அன்று அப்பா கேட்டார்: "படிக்க விட்டா நீ சாடிக்கிட்டா கெடக்க? ஒரு பேப்பர் அரியர் விழுந்தா ஓட்டத்த விட்டிரணும்." எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் நான் கோபப்படவில்லை, ஒத்துக்கொண்டேன்.

அந்த செமஸ்டரில் படிப்புக்கும் இதே முறையைப் பிடித்தேன். பரீட்சைக்கு முந்தின வாரம் குட்டி அடி வைத்துத் தத்துவதை விட்டு, முதல் மாதத்திலிருந்தே அடி அளந்து வைத்தேன். ஐந்து மணிக்கு கிரவுண்ட், ஏழரைக்கு வீடு, எட்டரைக்குப் புத்தகம். அரியர் விழவில்லை. மார்க் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எட்டாவது தடையில் விழவில்லை!

இந்த வருஷப் போட்டியில் எனக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. நான்காவதாக வந்தேன். ஆனால் ஆறாவது தடை தாண்டியதும் வாய் தானாக "தகதிமி"க்கு மாறியது. ஏழாவதில் வலது கால் ஒரு தயக்கமும் இல்லாமல் முன்னே போனது. எட்டாவது தடை எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. பத்தாவது தாண்டி நிமிர்ந்து பார்த்தால் வேலி ஓரத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வருவதாக அவர் சொல்லவே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஒன்று மட்டும் கேட்டார்: "அடுத்த கொல்லம் எத்தன தட?"

"அதே பத்துதான்ப்பா" என்றேன்.

நாங்கள் செய்த தடைகள் ஒர்க்‌ஷாப் பின்புறம் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஸ்டாப் வாட்ச் பி.டி. சாரிடம் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு கிரவுண்டில் "தகதகிட" என்று சத்தம் கேட்டால் பயப்படாமல் வாருங்கள். முதல் நாள் ஓட வேண்டாம், நடந்து கடந்தால் போதும். ஆனால் இரண்டு காலாலும்!